நாலு கிராம்

காலையில் முதல் ஓட்டம்.
பின் டயர் ரெண்டும் நின்ற இடத்திலேயே சுற்றி
செட்டிபாளையம் தளத்தில் கறுப்பாய் இரண்டு கோடு இழுத்தன.
வண்டி கிளம்பியது அதற்கப்புறம்தான்.
"இன்னும் இறுக்கீருங்க வசுமதி" என்றார் சிவராசு.

பல்லடத்தில் கோழிப்பண்ணை அவருக்கு.
வண்டி அறுபத்தெட்டாம் வருசத்துப் பிளிமத், எட்டு சிலிண்டர்.
கறிக்கோழி விலை ஏறிய வருசத்தில்
ஊட்டி எஸ்டேட் கொட்டகையிலிருந்து வாங்கி வந்தது,
எலி குட்டி போட்டிருந்த சீட்டோடு.

இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காத ஆணை
நான் இன்னும் பார்க்கவில்லை.

ராத்திரி, கணபதி, என் பட்டறை.
கியர்பாக்ஸை இறக்கி
பிரஷர் பிளேட்டைக் கழற்றி
டியூப் லைட்டுக்கு அடியில் திருப்பினேன்.
நீலம் எங்கேயும் இல்லை. ஒரே சாம்பல்.
தட்டு ஒரு நூல்கூடத் தேயவில்லை.
வழுக்கவே இல்லை என்று அர்த்தம்.
பிடித்த பிடியில் மொத்த எஞ்சினையும்
டயர் தலையில் கொட்டியிருக்கிறது.

வழுக்கணுமுங்க, என்றேன்.
முதல் அறுபது அடிக்கு வழுக்கியே ஆகணும்.
அதுக்குமேல வழுக்கக் கூடாது.
"அதெப்படிங்? ரெண்டும் ஒரே சாமான்தானுங்களே?"

ஸ்பிரிங் அழுத்துவது நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான்.
லீவர் நுனியில் மாட்டும் எடை அப்படியில்லை.
சுற்றச் சுற்ற வெளியே பறக்கப் பார்க்கும்,
பறக்கப் பார்த்துப் பார்த்துத் தட்டை அழுத்தும்.
ஆக, ஸ்பிரிங்கை ஒரு சுற்று தளர்த்து.
நுனியில் எடையைக் கூட்டு.
எவ்வளவு?
அங்கேதான் தூக்கம் போகிறது.

தாலிக்கொடி நிறுத்த தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது,
ராஜவீதியில் கடையைக் காலி பண்ணிய ஒருவரிடம் வாங்கியது.
கண்ணாடிக் கூட்டுக்குள்
ஒரு போல்ட், ஒரு நட், ரெண்டு வாஷர்.
நாலு கிராம்.
அடுத்த லீவருக்கு நாலு கிராம் பத்து மில்லி.
அரம் போட்டேன். ஊதினேன். மறுபடி வைத்தேன்.
மூன்றும் ஒன்றாகணும். இல்லாவிட்டால்
ஆறாயிரம் சுற்றில் எலும்புவரை உதறும்.

சிவராசு எட்டிப் பார்த்தார்.
"நாள் வயசுக் குஞ்சு நாப்பது கிராமுங்க.
கையில எடுத்தா, இறுக்குனாச் செத்துரும்
விட்டாக் குதிச்சிரும். அதுமாதிரிங்களா?"
குஞ்சு இல்லைங்க இது, என்றேன்.
குஞ்சு முந்நூறு டிகிரி தாங்காது.
அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தார்.
பன்னிரண்டு மணிக்குக் கொத்துப் புரோட்டா வாங்கிவந்து
தராசுப் பக்கம் வைக்கப் போனவரை
விரட்டிவிட்டேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது.
கொடியெல்லாம் கிழக்கே படுத்துக் கிடந்தது.
குளிர்ந்த காற்றைக் குடித்தால் எஞ்சின் இன்னும் முரண்டும்.
இதை ராத்திரியே நினைத்தேனா? பாதிதான்.
வண்டிக்கடியில் படுத்து, பெல் ஹவுசிங் ஓட்டை வழியாக
ஆறு ஸ்குருவையும் இன்னொரு கால் சுற்று விட்டேன்.
யாரையும் கேட்கவில்லை.

பச்சை விழுந்தது.
இடது காலை எடுத்தார்.
டயர் முனகியது, கத்தவில்லை.
எஞ்சின் சத்தம் ஒரே உயரத்தில் நின்றது
ஒரு நொடி, ஒன்றரை.
வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.
அந்த ஒன்றரை நொடிதான் நான்.
பிறகு தட்டும் ஃப்ளைவீலும் ஒன்றானதை
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
பல்லில் உணர்ந்தேன்.

நாலாவது கியர், கடைசி நூறு மீட்டர்.
சத்தம் ஒருதரம் எகிறி இறங்கியது.
கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அரை வண்டி நீளத்தில் ஜெயித்துவிட்டார்.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து
கையைப் பிடித்துக் குலுக்கினார்.
இருங்க, என்றேன்.
குனிந்து ஓட்டையில் மூக்கை வைத்தேன்.
லேசாகக் கருகல் வாடை.

நோட்டில் எழுதினேன்:
கீழே சரி. மேலே பத்தவில்லை.
லீவருக்கு இன்னும் ஒன்றரை கிராம்.